முதல் உளிக்கு அப்புத்துரை கடை

மாங்குளம் சந்தியிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினால் கொஞ்சத் தூரத்தில் அப்புத்துரையின் ஹாட்வெயார் வரும். தகரம், ஆணி, பிணைச்சல், பைப், பெயின்ற் எல்லாம் அங்கே கிடைக்கும். கிடைக்காத பொருளைக் கேட்டால் "நாளைக்கு வரும்" என்ற பதில் கிடைக்கும். அந்த நாளைக்கு எந்த நாள் என்று மாங்குளத்தில் யாரும் அவரிடம் கேட்பதில்லை.

அப்புத்துரையின் தகப்பன் வடமராட்சியிலிருந்து முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் வயலோடு நின்றுவிட, அப்புத்துரைக்கு மட்டும் சேறு ஒத்துவரவில்லை. வயலுக்குப் போனால் காய்ச்சல் வரும், கடைத்தெருவுக்குப் போனால் அது சுகமாகிவிடும். சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது ஊரெல்லாம் வீட்டுத்திட்டம் நடந்தது. அப்போது நாலு தடி நட்டுத் தறப்பாள் கட்டி ஆணி விற்கத் தொடங்கியவர், ஊர் வளர வளரத் தறப்பாளைத் தகரமாக்கினார், தகரத்தை ஓடாக்கினார். ஊரில் கடைசி வீடு கட்டி முடிந்தபோது அவருடைய கடையும் கட்டி முடிந்தது. அதோடு வியாபாரமும் முடிந்தது. வீடு கட்டியவன் பிறகு ஒரு ஆணி வாங்க வருவான். அதுவும் சுவாமிப் படம் மாட்டத்தான்.

அவர் கடை வாசலில் இருந்து வீதியில் போகிற லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் பழைய நெற்களஞ்சியத்தில் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று திறந்தார்கள். வெளிநாட்டில் யாரோ கொடுத்த பணம். கொடுத்தவருக்கு மரக் கடைசலில் விருப்பமாம். அதனால் வன்னிக்கும் மரக் கடைசல்தான் வந்தது. மரத்தைச் சுழலவிட்டு உளி பிடித்து உருட்டி எடுக்கிற வேலை. திறப்பு விழாவில் பேசிய ஒருவர், மாங்குளத்தில் செய்யும் மரக் கிண்ணங்களில் உல்லாசப் பயணிகள் இலைகுழை வைத்துச் சாப்பிடுவார்கள் என்றார். சனம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டில் காலும் இடியப்ப உரலும் செய்யலாம் என்பது தெரிந்த பிறகுதான் பிள்ளைகள் பதிய வந்தார்கள்.

லேத் மெசின்கள் வந்துவிட்டன. உளிகள் வரவில்லை. சொந்த உளி என்றால்தான் கவனமாக வைத்திருப்பார்கள், ஆகையால் மாணவர்களே வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்று நிலையத்தில் ஒரு விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தால் அப்புத்துரையின் வாழ்க்கை திரும்பியது.

பயிற்சி ஆசிரியை பிரேமினி முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். வயது முப்பதுக்குக் கிட்ட. தெற்கே கட்டில் மேசை செய்கிற தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் ஆண்களுக்கு நடுவே நின்று தொழில் பழகியவள். அவள் கடைக்கு வந்து, கொழும்பிலிருந்து என்ன உளி எடுப்பிக்க வேண்டும் என்று சொன்னாள். வாய் சரிவாக வெட்டிய தட்டை உளி ஒன்று இருக்கிறது, சரிவாய் உளி. அது கைவந்தால் மற்ற எந்த உளியும் தேவையில்லை. பிள்ளைகள் முதல் நாளே நல்ல உளியில் பழகட்டும் என்றாள். அவள் கையில் அது உண்மைதான். மாம்பழத் தோல் சீவுவதுபோல அவள் வேப்பமரத்தைச் சீவுவாள். சீவிய இடம் அரத்தாள் போடாமலே மினுங்கும். அப்புத்துரை அவள் சொன்னபடி ஒரு கட்டு எடுப்பித்தார். கட்டு ஒரே கிழமையில் விற்று முடிந்தது.

அடுத்த கிழமை பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

முதலில் வந்தவன் செந்தூரன். பூநகரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பொடியன். உளியை மேசையில் வைத்து, "அண்ணை, இது மரத்தைக் கவ்வுது. கையை முறிக்கப் பாக்குது. மாத்தித் தாங்கோ" என்றான். பிறகு ஒட்டுசுட்டான் அனோஜா வந்தாள். அவளுடைய உளி கிறைண்டர் கல்லில் பிடித்தவுடன் சூட்டில் நுனி நீலமாகிவிட்டதாம். அதற்குப் பிறகு அது வெட்டுவதில்லை, உரசுகிறதாம். இன்னொருத்திக்குப் பிடி கட்டையாக இருந்தது. மற்றொருவன் மலிவு என்று எட்டு உளிப் பெட்டி ஒன்றை வேறெங்கோ வாங்கி, அதில் ஏழு உளி எதற்கு என்று தெரியாமல் அப்புத்துரையிடம் காட்ட வந்தான்.

விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று கடையில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. அப்புத்துரை அதை மீறுகிற ஆள் இல்லை. ஆனால் வந்த பிள்ளைகளைக் கதிரையில் இருத்தி, பிளேன்ரீ கொடுத்து, கடைசி வரை கேட்டார். காசைத் திருப்பிக் கொடுப்பதைவிடக் காதைக் கொடுப்பது மலிவு. எங்கே கவ்வியது, கை எங்கே இருந்தது, மரம் என்ன மரம், எத்தனை தரம் தீட்டினாய் என்றெல்லாம் கேட்டார். வேறு வேலையும் இல்லை அவருக்கு.

இப்படிக் கேட்டுக் கேட்டு, லேத் ஒன்றைத் தொட்டும் பாராத அப்புத்துரைக்குத் தொடக்கக்காரரின் கைக்கு என்ன தேவை என்பது மெல்ல மெல்லப் பிடிபட்டது. சதுரக் கட்டையை உருட்டுகிற அகலமான குழிவாய் உளி ஒன்று. முனை வட்டமாய் உள்ள சுரண்டி ஒன்று. அது சீவாது, சுரண்டத்தான் செய்யும், ஆனால் கவ்வாது. வேலை முடியும்போது துண்டைப் பிரிக்க ஒடுங்கிய உளி ஒன்று. மூன்றும் சூட்டுக்கு இளகாத ஹைஸ்பீட் இரும்பாக இருக்கவேண்டும். புதியவன் கல்லில் அதிகநேரம் பிடிப்பான். பிடி முழங்கை வரை வரவேண்டும். புதியவன் மணிக்கட்டால் பிடிப்பான், அனுபவக்காரன்தான் உடம்பால் பிடிப்பான். இவற்றோடு தீட்டுகிற கல்லொன்று, முகத்துக்குப் பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று. சரிவாய் உளி பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெட்டியாக வருகிற எதையும் வாங்கக் கூடாது. "பெட்டியோட வாறதில உளிக்குக் காசில்லை, பெட்டிக்குத்தான் காசு" என்று அவர் சொல்லத் தொடங்கினார்.

இதைக் கேள்விப்பட்டுப் பிரேமினி கடைக்கு வந்தாள். கோபமாகத்தான் வந்தாள். சுரண்டியைக் கொடுத்துப் பிள்ளைகளைச் சோம்பேறியாக்குவதாகச் சொன்னாள். அப்புத்துரை அவளையும் கதிரையில் இருத்தினார்.

"மிஸ், நீங்கள் சின்னனில எப்பிடி நடக்கப் பழகினனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"இல்லை."

"அதுதான் பிரச்சினை. விழுந்தவனுக்குத்தான் எங்கை கல்லுக் கிடக்குதெண்டு தெரியும். விழுந்தவை எல்லாரும் என்னட்டைத்தான் வருகினம்."

அவள் எழுந்து போனாள். பயிற்சிக்கு அடுத்த மாணவர் அணி வந்தபோது, உளி வாங்க எங்கே போவது என்று கேட்ட பிள்ளைகளிடம், அப்புத்துரை கடைக்குப் போகச் சொன்னாளாம். ஏன் என்று சொல்லவில்லையாம்.

அதன் பிறகு வியாபாரம் வியாபாரமாக நடந்தது. மூன்று உளியும் கல்லும் மறைப்பும் சேர்ந்த அந்தக் கட்டுக்கு ஊரே 'அப்புத்துரை செற்' என்று பெயர் வைத்தது. பூநகரி, கிளிநொச்சி, வவுனியாப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அப்புத்துரையும் அந்தப் பெயருக்கு ஏற்ப வளர்ந்தார். வருகிறவனை நிற்கச் சொல்லித் தோள் உயரம் பார்ப்பார். முழங்கையோடு உளிப்பிடியை வைத்து அளப்பார். உளியை வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஒற்றைக் கண்ணால் பார்ப்பதால் என்ன தெரியும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் இரண்டு கண்ணாலும் பார்த்தால் வாங்குகிறவனுக்கு நம்பிக்கை வருவதில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம் யாரும் கேட்கக்கூடிய கேள்வியை ஒருநாள் ஒரு பெண்பிள்ளை கேட்டாள். "ஐயா, நீங்கள் கனகாலம் கடைசல் செய்தனீங்களோ?"

இல்லை என்பது ஒரு சொல். அதைச் சொல்லியிருக்கலாம். அப்புத்துரை பொய் சொல்லவும் இல்லை. "அதை ஏன் இப்ப கேக்கிறியள்" என்றுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அன்று புழுக்கம், மூச்சு கொஞ்சம் நீளமாகவே வந்துவிட்டது.

வன்னியில் ஒரு மனிதன் தன் பழைய தொழிலைப் பற்றிக் கேட்டதும் பெருமூச்சு விட்டால், மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். அப்புத்துரைக்கு முன்பு பெரிய கடைசல் பட்டறை இருந்தது என்று ஒரு மாதத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இடம்பெயர்வில் லேத்தை விட்டுவிட்டு ஓடினாராம். அதை நினைத்து இன்றைக்கும் மெசினுக்குக் கிட்டப் போகமாட்டாராம். கதை காதுக்கு வந்தபோது அவர் மறுக்க நினைத்தார். மறுப்பதற்கு ஏற்ற நேரம் ஒன்றும் வாய்க்கவில்லை. கடையில் எந்நேரமும் ஆட்கள்.

இப்படி இருக்கும்போது யாகப்பு வந்தார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த மீனவர், அறுபதைத் தாண்டியவர். தோள்மூட்டு பழுதாகி வலை இழுக்க முடியாமல் போனதால், பயிற்சி நிலையத்தில் பெரியவர்களுக்கென்று நடந்த சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்திருந்தார். தங்கள் வேதக் கோயிலுக்கு மெழுகுதிரிக் கால் செய்து கொடுக்க ஆசை. அப்புத்துரை வழமைபோல அவருடைய முழங்கையை அளந்தார், தோள் நோவுக்கு ஏற்பக் கொஞ்சம் நீளப் பிடி போட்ட உளிகளாகத் தெரிந்தெடுத்தார். யாகப்பு உளிகளைப் பார்க்கவில்லை. அப்புத்துரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் தன் படகைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மனைவியின் நகை போட்டு வாங்கிய படகு. பெரிய அலை வந்தபோதும் தப்பிய படகு. சண்டையின் கடைசி நாட்களில் கரையில் விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது திரும்பிப் பார்த்தாராம். எஞ்சின் பாதி மணலுக்குள் இருந்ததாம். வீட்டில் இதைச் சொன்னால் மனைவி அழுவாள், ஆகையால் சொல்வதில்லை என்றார்.

"உங்களுக்கு எண்டபடியாச் சொல்லுறன் தம்பி. லேத்தை விட்டிட்டு வந்த மனுசனுக்குத்தான் இது விளங்கும்."

அப்புத்துரைக்குத் தேத்தண்ணி புரையேறியது. அவர் இருமினார். இருமலில் கண் கலங்கியது. அதைப் பார்த்து யாகப்பு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். உளிகளை வாங்கின விலைக்கே கொடுத்து, கல்லைச் சும்மா கொடுத்து, பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார் அப்புத்துரை.

வீட்டில் மனைவி சிவலட்சுமி சோறு போட்டாள். நாள்தோறும் கறியில் உப்பைப் பற்றிக் குறை சொல்கிறவர் அன்று ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இது அவளுக்குப் புதிது.

"லேத்தை இழந்த மனுசன் இண்டைக்குக் குறைச்சலாச் சாப்பிடுறார்" என்றாள்.

"நான் ஒருத்தருக்கும் அப்பிடிச் சொல்லேல்லை."

"ஓம், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. மூச்சு மட்டும்தான் விட்டனீங்கள்."

சொல்லாத பொய்யைத் திருப்பி எடுப்பது கஷ்டம் என்பதை அப்புத்துரை அன்றுதான் கண்டார். சொன்ன பொய் என்றால், அது பொய் என்று சொல்லிவிடலாம். இதில் எந்தச் சொல்லைத் திருப்பி எடுப்பது? யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்த வழி வேறு. உண்மையைச் சொல்வதற்குப் பதிலாகப் பொய்யைக் கொஞ்சம் உண்மையாக்கிவிடலாம். கடைசல் பழகிவிட்டால், கதையில் பாதியாவது சரியாகிவிடும். சனிக்கிழமை வகுப்பில் அவரும் பெயர் கொடுத்தார். கடையைச் சனிக்கிழமைகளில் சிவலட்சுமி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் குசினிக்குள் போகவேண்டியிருந்தது.

வகுப்புக்கு உளி கொண்டு போகவேண்டும். அவருடைய கடையிலே அப்புத்துரை செற் தட்டுத் தட்டாக அடுக்கிக் கிடந்தது. ஒன்றை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தார். நல்ல உளிகள்தான். ஆனால் இது பழகுகிற பிள்ளைகளுக்கு உரியது. எத்தனையோ பேருக்கு உளி தெரிந்தெடுத்துக் கொடுத்த ஒருவர் இதைக் கொண்டுபோய் நின்றால் சனம் என்ன நினைக்கும்? அவர் கொழும்பு வியாபாரிக்குப் போன் பண்ணினார். ஆருக்கு என்று வியாபாரி கேட்டார். "ஒரு அனுபவமான ஆளுக்கு" என்றார் அப்புத்துரை.

பெட்டியோடு வந்தது. தேக்கம் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெற், அதில் பத்து உளிகள் குளித்துத் தலைவாரிய பிள்ளைகள்போல வரிசையில் கிடந்தன. எல்லாவற்றிலும் அழகானது அகலமான சரிவாய் உளி. அப்புத்துரை அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பார்க்கக் கடையில் யாரும் இருக்கவில்லை; பழக்கத்தில் பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை களஞ்சியத்தில் வழமையைவிட ஆட்கள் அதிகம். யாகப்பு முன்னுக்கே நின்றார். படிப்பு முடித்துக் கிளிநொச்சியில் தளபாடக் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்த செந்தூரன் லீவு போட்டு வந்திருந்தான். அனோஜாவும் வந்திருந்தாள். லேத்துக்குக் கிட்டப் போகாத மனிதர் இன்றைக்குப் போகப் போகிறார் என்று செய்தி பரவியிருந்தது.

பிரேமினி பெட்டியைப் பார்த்தாள். "அண்ணை, குழிவாய் உளி கொண்டு வரேல்லையோ?" என்று மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"இதுக்குள்ளை எல்லாம் இருக்கு மிஸ்."

"அப்ப அதை எடுங்கோ."

அவர் சரிவாய் உளியை எடுத்தார். அவள் இரண்டாம் தரம் சொல்லவில்லை. முகமறைப்பை மட்டும் தன் கையாலே அவருடைய தலையில் மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

மெசின் சுழன்றது. நாலு மூலைக் கட்டை ஒரு புகைபோலத் தெரிந்தது. அப்புத்துரை உளியை நீட்டினார். முதலில் ஒரு சின்னச் சத்தம், பிறகு பெரிய சத்தம். உளி கவ்வியது. கட்டை மெசினை விட்டுக் கிளம்பி அவருடைய முகமறைப்பில் அடித்து, அங்கிருந்து மேலே போய்க் கூரைத் தகரத்தில் மோதியது. கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒன்றாகக் கலைந்தன. கட்டை கீழே விழுந்து உருண்டு யாகப்புவின் காலடியில் போய் நின்றது. முகமறைப்பில் குறுக்காக ஒரு வெடிப்பு. மறைப்பு இல்லாவிட்டால் அந்த வெடிப்பு வேறெங்கோ இருந்திருக்கும். செந்தூரன் ஓடிவந்து மெசினை நிற்பாட்டினான்.

அப்புத்துரை கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பை எதிர்பார்த்தார். சிரித்தால் நல்லது என்றுகூட நினைத்தார். எல்லாம் வெளித்துவிடும், சுமை இறங்கும்.

யாரும் சிரிக்கவில்லை. அனோஜா தண்ணீர் கொண்டுவந்தாள். யாகப்பு வந்து தோளில் கை வைத்தார். "கை மறக்காது தம்பி. மனம்தான் விடுகுதில்லை" என்றார். கூடியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிரேமினி ஒருத்திதான் அவர் உளி பிடித்திருந்த விதத்தையும் பிறகு கூரையையும் பார்த்தாள். வெல்வெற் பெட்டியை மூடி அவருடைய கையில் கொடுத்துவிட்டாள்.

அந்தக் கிழமை கடையில் என்றும் இல்லாத கூட்டம். சிலர் ஒன்றும் வாங்காமல் வந்து சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கதலிவாழைப்பழச் சீப்பொன்று கொண்டுவந்தார். தாங்க முடியாமல் அப்புத்துரை செந்தூரனைப் பிடித்து உண்மையைச் சொன்னார்.

"இஞ்சை பார் தம்பி, நான் என்ர வாழ்நாளில லேத்தைத் தொட்டதே இல்லை. அண்டைக்குத்தான் முதல் தரம்."

செந்தூரன் அவரை அன்போடு பார்த்தான். "விளங்குது அண்ணை. எங்கட மாமாவும் அப்பிடித்தான். சண்டையைப் பற்றிக் கேட்டா ஒண்டும் நடக்கேல்லை எண்டுதான் சொல்லுவார்" என்றான்.

இனி யாரிடம் சொல்லியும் பயனில்லை என்று அப்புத்துரைக்குத் தெரிந்தது. ஆனால் யாகப்புவிடம் சொல்லியே ஆகவேண்டும். மற்றவர்கள் அவருக்குக் கொடுத்தது இரக்கம். யாகப்பு கொடுத்தது வீட்டுக்காரிக்கும் சொல்லாத படகின் கதை. அதை வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு முல்லைத்தீவுப் பஸ்ஸில் ஏறினார்.

யாகப்பு பூசைக்குப் போய்விட்டு வந்து, வீட்டு முற்றத்தில் ஒரு மர வாங்கில் இருந்து, தண்ணீர் விட்டு உளி தீட்டிக்கொண்டிருந்தார். அப்புத்துரை இருக்காமல் நின்றபடியே சொன்னார். பட்டறையும் இல்லை, லேத்தும் இல்லை, தகப்பன் கமக்காரன், தான் ஆணி விற்றவன். ஒரு பிள்ளை கேட்டபோது மூச்சு விட்டதுதான் நடந்தது என்றார். யாகப்பு தீட்டுவதை நிறுத்தவில்லை. உளியின் வாயை விரல் நகத்தில் வைத்துப் பார்த்து, மற்றப் பக்கம் திருப்பி, இன்னும் கொஞ்சம் தீட்டினார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"அப்ப நான் படகுக் கதை சொல்லேக்கை நீர் என்னத்தை நினைச்சுக்கொண்டு இருந்தனீர்?"

அதுவரை யாகப்பு அவரை 'நீங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தவர். அப்புத்துரைக்கு அந்த 'நீர்' நன்றாக உறைத்தது.

"படகைத்தான் ஐயா. மணலுக்கை இருந்த எஞ்சினை."

யாகப்பு உளியில் இருந்த தண்ணீரை வழித்துவிட்டார். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. வீட்டுக்குள்ளே அவருடைய மனைவி மீன் பொரிக்கிற சத்தம் கேட்டது.

"நீர் தந்த உளி?"

"உளி சரியான உளி ஐயா. அதில ஒரு பொய்யும் இல்லை."

"அது எனக்குத் தெரியும்." உள்ளே போய் ஒரு மெழுகுதிரிக் காலைக் கொண்டுவந்து வாங்கில் வைத்தார். வேம்பில் செய்தது. நடுவிலே இரண்டு வளையம், அடியிலே அகன்ற பாதம். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. திரி நட்டால் மெழுகு எந்தப் பக்கம் வழியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனாலும் அது ஒரு மெழுகுதிரிக் கால்தான்.

"ஆனா நீர் கொஞ்சம் பிந்தி வந்திட்டீர்" என்றார் யாகப்பு. "போன ஞாயிறு உம்மட லேத்துக்காகப் பூசை ஒப்புக்குடுத்தனான். பூசை வைச்ச சுவாமி உம்மட பேரை வாசிச்சவர். கோயில் முழுக்க உமக்காகச் செபிச்சது."

அப்புத்துரை திகைத்துப்போய் நின்றார். "அதை இனி என்ன செய்யிறது ஐயா?"

"என்ன செய்யிறது? திருப்பி எடுக்கேலாது. ஆருக்காவது போய்ச் சேரும், லேத் இழந்தவையும் எங்கையோ இருப்பினம்தானே." அவர் உளியைத் துணியில் சுற்றினார். "நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். நீரும் இனிக் கடையில இருந்து பெருமூச்சு விடாதையும். இரும், சாப்பிட்டிட்டுப் போகலாம்."

சாப்பிட்டார். அன்று மீனில் உப்புக் கூடத்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்புத்துரை தன் கடைத் தட்டிலிருந்து ஒரு செற் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். பிரேமினி அவருக்குக் குழிவாய் உளியைப் பிடிக்கக் காட்டிக் கொடுத்தாள். மற்ற மாணவர்களுக்கு ஒரு நாளில் வந்தது அவருக்கு நாலு கிழமையில் வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மெல்ல மெல்ல வராமல் விட்டார்கள். மாரி தொடங்கி முடிந்தபோது அவர் ஒரு பூரிக்கட்டை செய்திருந்தார். பிறகு இடியப்ப உரல் ஒன்று செய்தார். அதன் இரண்டு பாகமும் ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை. சிவலட்சுமி ஒன்றைப் பருப்புக் கடையவும் மற்றதைக் கதவு ஆடாமல் அண்டை கொடுக்கவும் பாவித்தாள். அதன் பிறகு செய்தவை கொஞ்சம் ஒழுங்காக வந்தன. யாகப்பு சாயாத மெழுகுதிரிக் கால்கள் செய்து முடித்து வகுப்பை விட்டுப் போய்விட்டார். அப்புத்துரை விடவில்லை. பெட்டிக்குள் கிடந்த சரிவாய் உளியும் ஒருநாள் கைவந்தது. மரம் சுருள் சுருளாகச் சீவி விழுந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோசம். இத்தனை காலமும் இதை அறியாமல் சுரண்டியை விற்றோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அங்கேதான் வியாபாரம் கெட்டது. இப்போது அவருக்குக் கடைசல் தெரியும். முதல் உளி வாங்க வருகிற பிள்ளைகளை இருத்தி, சுரண்டி சோம்பேறிகளின் உளி, சரிவாய் உளிதான் உளிகளுக்கு ராணி, அது கைவந்தால் மற்றது தேவையில்லை என்று விளக்குகிறார். பிளேன்ரீ கொடுப்பதற்கு அவருக்கு நேரம் போதவில்லை. விளக்குவதற்கே நேரம் போய்விடுகிறது. வாங்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த கிழமை கவ்வுது, கடிக்குது என்று வந்தால், "பழகினால் சரிவரும்" என்கிறார். பிரேமினியே ஒருநாள் வந்து, "அண்ணை, தொடங்கிற பிள்ளையளுக்கு ஏன் சரிவாய் உளியைக் குடுக்கிறியள்" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

குறை சொல்ல வருகிற பிள்ளைகள் இப்போது சனிக்கிழமையாகப் பார்த்து வருகிறார்கள். அன்றைக்குக் கடையில் சிவலட்சுமி இருப்பாள். அவளுக்குக் கடைசலைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. கதிரையில் இருத்திக் கேட்கிறாள். கேட்டுவிட்டு மேல் தட்டிலிருந்து மூன்று உளியும் கல்லும் மறைப்பும் எடுத்துக் கடதாசியில் சுற்றுகிறாள். "அவர் வர முந்திக் கொண்டு போங்கோ பிள்ளை" என்கிறாள். வந்தவர்கள் கெட்டிக்காரர், உடனே போய்விடுகிறார்கள்.

அப்புத்துரைக்கு இது தெரியாது. இந்தச் சனிக்கிழமையும் அவர் களஞ்சியத்தில் ஒரு முக்காலிக்குக் கால் உருட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கால் ஒரே மாதிரி வந்துவிட்டது. மூன்றாவது கொஞ்சம் மெலிந்து போயிற்று. அது தன் கையின் பிழையல்ல, நடுவிலே நுட்பமாய் வெட்டுவதற்கு வேறொரு உளி வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அப்படி ஒன்று கொழும்பில் வந்திருக்கிறதாம், தனியாகக் கொடுக்கமாட்டார்களாம், பெட்டியோடுதான் எடுக்கவேண்டுமாம். போன் பண்ணிச் சொல்லிவிட்டார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.